சுராயாவின் கால் பிரேக்

ஒத்தவாடைத் தெருவில் சுராயாவின் இடியாப்பத்தைச் சாப்பிட்டவர்கள் நிறையப் பேர் உண்டு. அவள் அதைக் கொண்டு நடந்துபோய்ப் பார்த்தவர் ஒருவரும் கிடையாது. கேரியரில் கூடை, ஹேண்டில்பாரில் தேங்காய்ப்பால் தூக்கு, தலையில் இறுகச் சுற்றிய துப்பட்டா. கல்யாணமான மறுவருஷத்திலிருந்து மாமல்லபுரத்து விடுதிகளுக்கு அவள் சைக்கிளில்தான் நாஸ்தா கொண்டுபோனாள்.

போன மழைக்காலத்தில் துவைக்கிற இடத்தில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் விரல்கள் பாதிதான் மடங்கின. பின்சக்கரத்து பிரேக் இடது கையில் இருக்கிறது. மறுபடி சைக்கிள் எடுத்த அன்று வலது கையால் முன்பிரேக்கை மட்டும் அழுத்தினாள். சைக்கிள் நின்றது, சுராயா நிற்கவில்லை. நேராக இளநீர்க் குவியலில் போய் விழுந்தாள். தேங்காய்ப்பாலைத் தேங்காயிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்று தெருவே சிரித்தது.

அவள் கணவன் தமீம் சிரிக்கவில்லை. தங்கமான மனுஷன், தொல்லையே அதுதான். இடியாப்பம் பிழிகிற வேலையை அன்றே தன் கைக்கு மாற்றிக்கொண்டான். விடுதிகளுக்கு அவனே ஸ்கூட்டரில் போய்க் கொடுத்துவிட்டு, அப்புறம் தன் செருப்புக் கடையைத் திறந்தான். அவளுடைய சைக்கிளை யாருக்கோ கொடுத்தும் விட்டான். இனிமேல் நீ வீட்டில் ராணி மாதிரி இரு என்றான். கெட்டவனாக இருந்தால் நாலு சத்தம் போட்டுக் காரியத்தைச் சாதித்துக்கொள்ளலாம். நல்லவனை என்ன செய்வது?

சுராயாவுக்கு ராணியாக இருக்கப் பிடிக்கவில்லை. முன்பெல்லாம் காலிக் கூடையோடு திரும்பும்போது மீனவர் குப்பத்துப் படகுகள் பக்கம் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் கடலைப் பார்ப்பாள். நாள் முழுக்க யாராவது அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அங்கே கூப்பிட ஆளில்லை. அந்தக் கொஞ்ச நேரம்தான் அவளுக்கே அவளுக்கு என்று இருந்தது. இதையெல்லாம் புருஷனிடம் எப்படிச் சொல்வது? வேலைக்குப் போகணும் என்றால் அதில் நியாயம் இருக்கிறது. சும்மா நிற்கப் போகணும் என்றால்?

விடுதிக்கார ஆனந்தனின் கொல்லையில் ஒரு வெள்ளைக்காரம்மா விட்டுப்போன சைக்கிள் கிடந்தது. ஹேண்டில்பாரில் பிரேக்கே இல்லை. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் சக்கரம் நிற்கும். ஏறியவர்களை எல்லாம் அது காலை வாரிவிட்டது. நம்மூர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டல்லவா, கொஞ்ச தூரம் மிதித்துவிட்டு, வண்டி ஓடும் ஓட்டத்தில் பெடலைச் சும்மா பின்னால் சுற்றிக் கடகடவென்று சத்தம் கேட்பது. இந்தச் சைக்கிளில் அந்தச் சபலம் வந்த இடத்திலேயே ஆள் தரையில்.

சுராயா அதைக் கேள்விப்பட்டு மறுநாளே போய் நின்றாள். கையே வேண்டாத பிரேக்! ஆனந்தன் ஒரு கேரியரைப் பற்றவைத்துக் கொடுத்தான். தமீம் கடைக்குப் போன பிறகு ஒரு வாரம் கொல்லையிலும் சந்திலுமாகப் பழகினாள். நிறுத்தும்போதே வலது பெடல் மேலே இருக்கும்படி நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் பெடலைப் பின்னால் சுற்றி மேலே கொண்டுவர வழியில்லை, மறுபடி கிளம்ப முடியாது என்பதைக் கால் தானாகவே கற்றுக்கொண்டது. பழகி முடித்ததும் தினமும் படகுகள் வரைக்கும் ஒரு நடை போய்வந்தாள்.

கடைசியில் சைக்கிளை வீட்டுக்கே கொண்டுவந்து தமீமிடம் காட்டினாள். இன்னொரு தடவை நீ விழுந்தால் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, முதலில் நான் ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஏறி உட்கார்ந்தான். பெடலைப் பின்னால் சுற்றாதீங்க என்று அவள் சொல்லச் சொல்லத் தலையாட்டினான். நாலு மிதி மிதித்தான். பழக்கம் யாரை விட்டது? கடகட சத்தத்துக்கு ஆசைப்பட்டு மண்ணில் கிடந்தான். கணுக்கால் நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்துக்கொண்டது.

"இது ஆளக் கொல்ற சைக்கிள். நீ இத தொடவே கூடாது, ஆமா" என்றான், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

ஞாயிற்றுக்கிழமை. ஆட்டோக்கள் எல்லாம் டூரிஸ்ட் பஸ்கள் நிற்கும் பக்கம் போய்விட்டன. சுராயாவுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. அந்த ஆளைக் கொல்கிற சைக்கிளைத்தான் நிமிர்த்தி நிறுத்தினாள்.

"குந்துங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

தமீம் ஒல்லி. கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து சீட்டின் அடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டான். நாய் குறுக்கே வந்தது, நின்றாள். டூரிஸ்ட் வேன் திரும்பியது, நின்றாள். ஒவ்வொரு முறையும் அவன் மூச்சை இழுத்துப் பிடித்தான், ஒவ்வொரு முறையும் சைக்கிள் அலுங்காமல் நின்றது. நாலாவது நிறுத்தத்துக்குள் கம்பியைப் பிடித்த பிடி தளர்ந்துவிட்டது.

குப்பத்து வழியாகப் போனால் ஆஸ்பத்திரி கிட்டே. படகுகள் பக்கம் வந்ததும் சைக்கிள் நின்றது. நாயும் இல்லை, வேனும் இல்லை. வலது பெடல் மேலே, இடது கால் மண்ணில். சுராயாவே திடுக்கிட்டுப் போனாள். இத்தனை நாள் வாய் மறைத்ததைக் கால் காட்டிக்கொடுத்துவிட்டது.

"இன்னா ஆச்சு? ஏன் நின்னுட்ட?"

"ஒண்ணுமில்லீங்க. கால் தானா நின்னுடுச்சு."

"தானா எப்டி நிக்கும்?"

அவள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு கடலைப் பார்த்தாள். தமீம் அவளைப் பார்த்தான். அவள் நின்ற நிற்பு அவனுக்குப் புதிது. ஒரு காலை ஊன்றி, தோளைத் தளர்த்தி, ஏதோ சொந்த வீட்டு வாசலில் நிற்பதுபோல நின்றாள்.

வலை பிரித்துக்கொண்டிருந்த பூங்கொடி தலையைத் தூக்கிச் சிரித்தாள். "இன்னாக்கா, இன்னிக்கு ஆளோட வந்துகீற? தெனம் தனியாத்தான் நின்னுகினு இருப்ப."

சுராயாவுக்கு முகம் சூடேறியது. அவசரமாக மிதிக்கப் போனாள். தமீம் நல்ல காலை மண்ணில் ஊன்றிக்கொண்டான்.

"ரெண்டு மாசமா இதயும் சேத்துத்தான் நான் புடுங்கிக்கினேனா?" என்றான்.

அவள் கண் கலங்கியது, அதை அவன் பார்த்துவிட்டான். அதற்குள் கணுக்கால் எலுமிச்சை அளவுக்கு வீங்கியிருந்தது.

"போலாங்க, வீங்கிக்கினே போவுது" என்றாள்.

"டாக்டர் எங்கயும் போயிட மாட்டாரு" என்றான் தமீம், கேரியரை விட்டு இறங்காமலே. "நீ எப்பவும் எம்மா நேரம் நிப்பியோ, அம்மா நேரம் நில்லு."