காற்றிடம் சொன்ன உப்பு

பஸ்ஸில் மணியை அழுத்தினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களோ என்று கூச்சப்பட்டு, வேறு யாராவது அழுத்தட்டும் என்று காத்திருந்து, இரண்டு ஸ்டாப் தாண்டிப் போய் இறங்கி நடந்து வருகிற பெண் நான். என்னைப் போய்க் கோயில் சமையற்கட்டுக்குத் தலைவி ஆக்கினார்கள்.

எப்படி ஆனேன் என்றால், வாய் திறக்காததால் ஆனேன். பினாங்கு ஜார்ஜ் டவுனில் இருக்கிற எங்கள் சின்ன அம்மன் கோயிலில், ஆடித் திருவிழா அன்னதானத்தை முன்பு பார்த்துக்கொண்ட வயதான அம்மா ஒருவருக்கு முழங்கால் போய்விட்டது. "இனிமே அக்கா பாத்துக்குவாங்க, ஆட்சேபம் உண்டா?" என்று கோயில் தலைவர் கூட்டத்தில் என்னைக் காட்டினார். எனக்குத்தான் ஆட்சேபம் இருந்தது. அதைச் சொல்ல எழுந்து நிற்க வேண்டுமே! தரையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். கைதட்டினார்கள்.

அந்தத் தலைவர் பெரிய தொழிற்சாலையில் மேனேஜர். நிறையப் பேரை வைத்து வேலை வாங்குகிறவர். நானோ நிபோங் திபால் பக்கம் ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். அவர் பொறுமையாகச் சொன்னார்: "அக்கா, மூணு வருஷமா சாப்பாடு லேட்டு. கமிட்டில கேட்டரிங்குக்கு விட்டுரலாம்னு சொல்றாங்க. இந்த ஒரு வருஷம் பாப்போம். ஆளப் பாத்து, பேரச் சொல்லி, இன்ன வேலைன்னு சொல்லுங்க. அவ்ளோதான்."

நன்றாகத் தலையாட்டினேன். தலையாட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

கேட்டரிங் வந்தால் எனக்கு ஒன்றும் குறையாது, வீட்டில் கால் நீட்டி உட்காரலாம். ஆனால் பாகான் டாலாமிலிருந்து பெரிப் படகில் கடல் தாண்டிச் சமைக்க வருகிற தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள். படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்கிறவள். வருஷத்தில் அவள் வாய்விட்டுச் சிரிக்கிற ஒரே நாள் அந்தச் சமையல் நாள். அதுவும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். முந்தின வாரமே, "நம்மள விட்டுருவாங்களாக்கா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அதற்கும் தலையைத்தான் ஆட்டினேன்.

அந்த நாள் வந்தது. எனக்கு வேலை சொல்லத் தெரிந்தது ஒரே வழிதான். வீட்டுக்கு மருமகள் வந்துவிட்ட வயதுப் பெண்களை நேருக்கு நேர் ஏவுவது திமிர் என்று வளர்ந்தவள் நான். அதனால் பொதுவாகச் சொல்வேன். "வெங்காயம் உரிக்காமலே கிடக்கே" என்று கூரையைப் பார்த்துச் சொன்னால் யாராவது உரிப்பார்கள். வீட்டில் இந்த முறை நாற்பது வருஷம் பிசகில்லாமல் நடந்தது. காரணம், வீட்டில் என் கணவர் ஒருவர்தான் இருந்தார். யாருக்குச் சொல்கிறேன் என்று அவருக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

சாம்பார் கொதித்தபோது, "சாம்பாருக்கு உப்பு இன்னும் விழல போல" என்று அண்டாவைப் பார்த்துச் சொன்னேன். யாரும் பதில் சொல்லவில்லை. கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, சற்றுப் பொறுத்து நானே அள்ளிப் போட்டேன்.

அம்மனுக்குப் படைக்கும் முன் சமையலை யாரும் ருசி பார்க்கக் கூடாது, வாசனைகூடப் பிடிக்க மாட்டோம். பூஜை முடிந்து, வெளியே பந்தலில் ஆட்கள் உட்காரத் தொடங்கிய பிறகுதான் ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். கடல் தண்ணீர் தோற்றது.

"யாரு உப்பு போட்டது?" என்றேன், பழையபடி கூரையிடம்.

"நாந்தான்க்கா" என்றாள் பாகான் டாலாம் தங்கச்சி.

"நானும்தான் போட்டேன்" என்றாள் ஆயர் ஈத்தாமிலிருந்து வருகிற இன்னொருத்தி. வாய் நீளம் அவளுக்கு.

மூன்றாவது ஆள் யார் என்று இருவரும் பார்த்தார்கள். நான் என்னைக் காட்டினேன்.

"நல்லா இருக்கு லா! நீங்க காத்துக்கிட்ட சொன்னீங்க. காத்து மூணு பேரு காதுலயும் வந்து சொல்லிட்டுப் போயிருச்சு!" என்றாள் ஆயர் ஈத்தாம்காரி.

பாகான் டாலாம் தங்கச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. கரண்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே பந்தலைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்கு என்ன வந்ததோ, அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். குரல் சேவல் குஞ்சு கூவப் பழகுகிற மாதிரி கிறீச்சிட்டது.

"சாயங்காலத்துக்கு வேக வச்ச பருப்பு இருக்கு பாரு, அத எடுத்து இதுல ஊத்து! ஏய், நீ பேசுனது போதும், அந்தப் பூசணிக்காய வெட்டு! உப்புச் சட்டிய யாரும் தொடாதீங்க!"

ஒரு தடவை திறந்த வாயை மூடத் தெரியவில்லை. நேரமாகிறதே என்று எட்டிப் பார்க்க வந்தார் தலைவர். "என்ன நிக்கிறீங்க? அந்த வாளில தண்ணி தூக்கிட்டு வாங்க!" என்றேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தூக்கி வந்தார். "இன்னொண்ணு!" என்றேன். அதையும் கொண்டுவந்தார்.

சாம்பாரை இரண்டு அண்டாவாக்கிக் கொதிக்க வைத்து, சொன்ன நேரத்துக்குப் பந்தலுக்கு அனுப்பிவிட்டோம். அன்று பந்தலில் குடிதண்ணீர் கொஞ்சம் அதிகமாகச் செலவானது. அதைப் பற்றி நான் விசாரிக்கவில்லை.

எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு தலைவர் வந்தார். நனைந்த சட்டையோடுதான் நின்றார். "சாம்பார் கொஞ்சம் கரிப்புதான்க்கா. ஆனா நேரத்துக்கு வந்துருச்சு. அடுத்த வருஷமும் நீங்களே செய்ங்க, கமிட்டிகிட்ட நான் பேசிக்கிறேன். ஆனா கொஞ்சம் மெதுவா பேசுனீங்கன்னா நல்லா இருக்கும்."

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போய், "கேட்டரிங் இல்லையாம்! அடுத்த வருஷமும் நாமதான்!" என்றேன்.

"கேக்குது லா அக்கா, பெரில போறவங்களுக்கே கேட்டிருக்கும்" என்றாள் ஆயர் ஈத்தாம்காரி.

பாகான் டாலாம் தங்கச்சி குழாயை மூடினாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். இடுப்பிலிருந்து போனை எடுத்து, அடுத்த ஆடிக்கு ஒரு நாள் மாமியாரோடு இருக்க வர முடியுமா என்று நாத்தனாரிடம் அப்போதே கேட்கத் தொடங்கினாள்.