கள்ளக்குறிச்சி அக்கா லைன்

என் கணவர் என்னை விட்டுப் போன அன்று முதலில் ஏற்றியது மீன் தொட்டிகளைத்தான். துணிமணிகளும் அவர் அம்மா கொடுத்த பீரோவும் அதற்குப் பிறகுதான் வண்டியேறின. வாசலில் குட்டியானை வண்டி நின்றது. எதிர்வீட்டார் வெளியே வந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மீன்களைத் தண்ணீரோடு பைகளில் பிடித்து, காற்று நிரப்பி ரப்பர் பேண்ட் போட்டு, தெர்மாகோல் பெட்டிக்குள் அலுங்காமல் அடுக்கினார். அவ்வளவு பதமாக அவர் என்னைத் தொட்டதாக எனக்கு நினைவில்லை.

"ஒரு தொட்டியாவது வச்சுட்டுப் போங்க" என்றேன். அழவில்லை. அதற்கு முந்தின வாரமே அழுது முடித்திருந்தேன்.

"உனக்கு இன்னாத்துக்கு?"

"நானும்தான இத்தினி நாளா பாத்துக்கினேன்."

அவர் பெட்டியை மூடி டேப் ஒட்டினார். "நீ இன்னா பாத்த? தண்ணி மாத்துன. அத வேலைக்காரியே செய்வா."

இதுவரை 'அவர்' என்று எழுதிவிட்டேன். பழக்கம் அப்படி. இனி அவன்.

அவன் வளர்த்தது கில்லி மீன். ஆப்பிரிக்காவில் மழைக்குட்டைகளில் வாழ்கிற மீன் அது. கோடையில் குட்டை காய்ந்தால் மீன்கள் செத்துப்போகும். முட்டைகள் மட்டும் சேற்றுக்குள் உயிரோடு கிடந்து, அடுத்த மழைக்குப் பொரியும். வீட்டில் வளர்ப்பவர்கள் சேற்றுக்குப் பதிலாகத் தேங்காய் நார்த்தூளைப் போடுவார்கள். மீன்கள் அதில் முட்டையிட்டதும் தூளைப் பிழிந்து ஈரப்பதத்தோடு பாலித்தீன் பையில் கட்டி, மாதக்கணக்கில் எடுத்து வைக்க வேண்டும். பிறகு குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் அன்றைக்கே குஞ்சு வரும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், செய்தது நான். அவன் ஒரு கம்பெனியில் விற்பனைப் பிரிவில் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தான். நான் கள்ளக்குறிச்சியிலேயே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தேன், இன்றும் பார்க்கிறேன். காலையில் சோறு வடித்துவிட்டு உப்புத் தண்ணீரில் ஆர்ட்டீமியா பொரிக்க வைப்பேன். தூசி மாதிரி இருக்கும் இறால் இனப் பூச்சி அது. மீன் குஞ்சுகளுக்கு அதைத் தவிர வேறெதுவும் வாய்க்குள் போகாது.

பெயர் அவனுக்கு. பாண்டிச்சேரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் மீன் வளர்ப்பவர்கள் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். நெருப்புச் சிவப்பில் உடம்பும் நீல விளிம்பில் செதிலும் உள்ள ஒரு வகை அவனிடம் மட்டும்தான் இருந்தது. பார்த்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். சேலத்துத் தம்பி ஒருமுறை என்னிடம், "அக்கா, குஞ்சுக்கு எப்பலேர்ந்து தீனி போடுவீங்க?" என்று கேட்டுவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் சிரித்தான். "அவகிட்ட போய்க் கேக்குற. அவளுக்கு டீ போடத் தெரியும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தபடி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வந்தவர்கள் எவ்வளவு கெஞ்சினாலும் அந்தச் சிவப்பு வகையில் ஆண் மீனை மட்டும்தான் தருவான். பெட்டையைக் கொடுத்தால் அவர்களும் இனம் பெருக்கிவிடுவார்கள் அல்லவா? ஆண் மீன் அழகாக நீந்தி, ஒரு வருடத்துக்குள் ஆயுசு முடிந்து செத்துப்போகும். மறுபடியும் இவனிடம்தான் வந்து நிற்க வேண்டும். அதில் அவனுக்கு அப்படி ஒரு சுகம்.

அவன் விழுப்புரத்தில் கூட வேலை பார்த்த பெண்ணோடு குடித்தனம் போனான். சில மாதங்களிலேயே, மீன் வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவன் போட்ட செய்தியைப் பார்த்தேன். வெளியூர் போகும்போது பதில் சொல்வதற்காக என்னையும் அந்தக் குழுவில் சேர்த்திருந்தான், நீக்க மறந்துவிட்டான். சிவப்பு வகை முழுவதும் போய்விட்டது, யாரிடமாவது ஜோடி இருந்தால் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தான். யாரிடம் இருக்கும்? அவன்தான் யாருக்கும் கொடுக்கவில்லையே. தண்ணீர் மாற்ற ஆள் இல்லாமல் செத்திருக்கும் என்று நினைத்தபோது வயிறு குளிர்ந்தது. மீன்களை நினைத்துக் கொஞ்சம் வருத்தமும்தான், ஆனால் குளிர்ச்சி ஜாஸ்தி.

கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தேன். பழைய செருப்புப் பெட்டி ஒன்றில் முடிச்சுப் போட்ட பாலித்தீன் பை இருந்தது. உள்ளே பழுப்பாக நார்த்தூள். நான்தான் பிழிந்து கட்டிக் கொடுத்திருந்தேன், சிவப்பு வகையின் முட்டை. மேலே ஏற்றியது அவன். போகும் அவசரத்தில் மறந்திருக்கிறான்.

மறுநாள் ஒரு சிட்டிகைத் தூளை வேலைக்கு எடுத்துப்போய் மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். கூட வேலை பார்க்கும் பெண் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா அது? யாரு சாம்பிளு?"

"எங்க வூட்டுக்காரரு விட்டுட்டுப் போனது."

அவள் முகம் போன போக்கைப் பார்த்து, "அட, மீன் முட்டைடி" என்றேன். அவளையும் பார்க்கச் சொன்னேன். மணல் பருக்கை அளவு முட்டைக்குள் சுருண்ட குஞ்சு. தங்க வளையம் போட்ட இரண்டு கண்கள். கண் தெரிந்தால் பொரியத் தயார் என்று அர்த்தம்.

"உசுரோடவா கீது?" என்றாள்.

"ம். அவனுக்குத்தான் தெரியாது."

எங்கள் தெரு போர் தண்ணீர் உப்பு. சோறே மஞ்சளாக வரும். அதில் இந்த முட்டைகளைப் போட எனக்கு மனமில்லை. ஒரு சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு, இரண்டு கேன்களோடு வெள்ளிமலை பஸ் ஏறினேன். மலையில் மழை விட்டிருந்தது. ஓடையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடியது. கேன்களை நிரப்பித் திரும்பி பஸ்ஸில் ஏற்றும்போது கண்டக்டர் கேட்டார்.

"இன்னாம்மா கேன்ல, தேனா?"

"தண்ணிங்க."

"தண்ணியா? கீழ தண்ணி இல்லியா?"

"மீனுக்கு."

"மீனுக்கு மலத்தண்ணியா?" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "மாமியாரு வூட்டு சீராட்டம் இருக்குதே." லக்கேஜ் டிக்கெட் போடாமல் விட்டார். கொண்டை ஊசி வளைவுகளில் கேன் உருளாமல் இரண்டு கால்களாலும் இடுக்கிக்கொண்டே கீழே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஃபாதர் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். தலையை நன்றாகத்தான் ஆட்டினேன். மனம் முழுக்க ஆர்ட்டீமியா பாட்டிலில் இருந்தது. வீட்டுக்கு வந்து வெள்ளை பிளாஸ்டிக் தட்டில் நார்த்தூளைக் கொட்டி, ஃப்ரிட்ஜில் வைத்திருந்த மலைத் தண்ணீரை மெதுவாக ஊற்றினேன். சாப்பிட்டுக் கை கழுவி வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். தூளுக்கு மேலே ஒரு கீற்று அசைந்தது. நகத்தில் கிள்ளிப் போட்ட நூல் மாதிரி. அப்புறம் இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தட்டின் ஓரமெல்லாம் துடிப்பு.

சந்தோஷத்தில் கண் கலங்கியது என்று எழுத ஆசைதான். அவனை நினைத்து என் வாயில் வந்தது, "இருடா, உன்ன வச்சுக்கறேன்" என்பதுதான்.

அந்த வெறியோடுதான் வளர்த்தேன். ஸ்பூனால் ஒவ்வொரு குஞ்சாக வேறு டப்பாவுக்கு மாற்றினேன். வேலைக்குப் போகுமுன் ஒரு தீனி, மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்து ஒரு தீனி, சாயங்காலம் ஒன்று. குஞ்சுகளின் வயிறு ஆர்ட்டீமியாவால் ஆரஞ்சு நிறமாகப் புடைத்திருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் நான் தட்டில் சோறு போட்டுக்கொள்வேன். சங்கராபுரத்துப் பக்கமிருந்து அம்மா வந்தபோது சமையலறை மேடை முழுக்க டப்பா.

"இன்னாடி இது? அவன் போயும் அவன் சனியன் போவலியா?"

"இது அவனுதில்லம்மா. என்து."

"வேற ஒருத்தனப் பாத்துக் கட்டிக்கினு நீ நல்லா இருக்கணும்னு நான் ஜெபம் பண்ணிக்கினு கீறன். நீ மீனுக்கு ஆயாவா ஒக்காந்துக்கினு கீற."

"நல்லாத்தான்மா இருக்கறன்." பொய் இல்லை. அவனை என்ன செய்யலாம் என்று யோசிக்கிற நேரமெல்லாம் எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

குஞ்சுகள் கிடுகிடுவென்று வளர்ந்தன. ஆண்களுக்கு நிறம் ஏறியது. முதலில் வாலில் ஒரு துளி சிவப்பு, பிறகு உடம்பு முழுக்க. அவன் வைத்திருந்தபோதுகூட இந்தச் சிவப்பு வந்ததில்லை. அடுத்த தலைமுறைக்கு முட்டை சேர்த்துப் பைகளில் கட்டிய பிறகுதான் குழுவில் வீடியோவைப் போட்டேன். கீழே ஒரு வரி: "ஜோடியாகவும் முட்டையாகவும் தரப்படும். இலவசம்."

அன்று போன் சூடாகிப்போனது. அவனும் கூப்பிட்டான். நான் எடுக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் வாசலில் நின்றான். இளைத்திருந்தான்.

"அது என் மீனு" என்றான்.

"உன் மீனு செத்துப்போச்சின்னு நீதான போட்ட?" கல்யாணமானதிலிருந்து 'வாங்க, போங்க' என்றே பேசிய வாய் அது. 'நீ' என்று எந்தத் தடங்கலும் இல்லாமல் வந்தது. அவனும் அதைக் கவனித்தான்.

"அந்த பாக்கெட்டு நான் வச்சது."

"கட்டுனது நானு."

நான் புதிதாக வாங்கிய தொட்டிப் பக்கம் போய்க் குனிந்து நின்றான். ரொம்ப நேரம் பார்த்தான். குரல் இறங்கியது. "ஒரு ஜோடி குடு. போதும்."

"ஆணு எத்தினி வேணும்னாலும் புட்ச்சிக்கினு போ. பொட்ட கெடையாது."

"ஊருக்கெல்லாம் சும்மா குடுக்கற, எனக்கு இல்லியா?"

"ஊருல யாரும் என்ன வேலைக்காரின்னு சொல்லல."

அவனுக்கு அது நினைவில் இருந்ததா என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் இல்லை போலத்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டான்.

நான் சொன்னபடியே கொடுத்தேன். பாண்டி, சேலம், கோயம்புத்தூர், கேட்டவர்களுக்கெல்லாம் கூரியரில் முட்டை போனது. யாரும் விற்கக் கூடாது, கேட்டவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். எல்லோரும் என்னைத் தாராள மனசுக்காரி என்றார்கள். ஒவ்வொரு பையைக் கட்டும்போதும் நான் நினைத்துக்கொண்டது, அவனிடம் மட்டும் இருந்தது இப்போது இன்னொருவரிடமும் இருக்கிறது என்பதை மட்டும்தான். அவன் அத்தனை வருடம் பூட்டி வைத்ததைத் தெருவில் இறைத்தேன். மீன் வளர்ப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாரிடமிருந்து வந்த இனமோ அவர்கள் பெயரோடு லைன், அதாவது வம்சம், என்று சேர்த்துச் சொல்வார்கள். என் பெயர் யாருக்கும் சரியாகத் தெரியாது. அதனால் அது 'கள்ளக்குறிச்சி அக்கா லைன்' ஆகிவிட்டது.

கோடையில் சேலத்துத் தம்பி தயங்கித் தயங்கிப் பேசினார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வூட்டு… அவரு எங்கிட்ட முட்ட கேக்குறாரு. நீங்க வேணாம்னா குடுக்கல."

எவ்வளவு நாள் காத்திருந்தேன் இந்த போனுக்கு. "தாராளமா குடுங்க தம்பி" என்றேன். "குழுவுல போடறப்ப மட்டும், எந்த லைன்னு மறக்காம போடச் சொல்லுங்க."

போட்டான். ஒரு தட்டில் குஞ்சுகள், கீழே 'கள்ளக்குறிச்சி அக்கா லைன்'. அவன் கையாலேயே. படம்பிடித்து வைத்துக்கொண்டேன். எத்தனை தடவை திறந்து பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. இப்போதும் மனசு சரியில்லாத நாளில் பார்ப்பேன்.

குடும்ப நீதிமன்றத்தில் எங்கள் வழக்கு நடக்கிறது. போன வாய்தாவில் வராந்தாவில் அவனும் நானும் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தோம். என் வக்கீல் டீ குடிக்கப் போயிருந்தார். அவன் மெதுவாகப் பக்கத்தில் வந்தான். காம்ப்ரமைஸ் பேசப் போகிறான் என்றுதான் நினைத்தேன்.

"பாதி குஞ்சி எழும்பவே மாட்டுது" என்றான். "தரையிலயே ஊந்துக்கினு கீது. இன்னா பண்றது?"

எனக்குத் தெரியும். முட்டையை அவசரப்பட்டு நனைத்திருக்கிறான். கண் நன்றாகத் தெரியும்வரை இன்னும் சில வாரம் விட்டிருக்க வேண்டும். நனைக்கும் தண்ணீரும் ஒரு விரல் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். பாவம் குஞ்சுகள் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அவனும் கையைக் கட்டிக்கொண்டு, உண்மையிலேயே பாடம் கேட்கிற மாதிரி நின்றான்.

"வக்கீலக் கேளு" என்றேன்.

உள்ளே எங்கள் வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு அவனுக்கு முன்னால் நடந்தேன்.