கோங் அக்கா சொல்லாமல் விட்டது

"ஃபோட்டோவுல கொஞ்சம் சதை இருந்துச்சே. எங்க போச்சு?" என்றுதான் கோங் யூலான் என்னிடம் பேச்சைத் தொடங்கினார். சீனாவின் ஷியாங்யாங்கில் நான் வந்து இறங்கிய மறுநாள் காலை அது. நான் ஆங்கிலம் கற்பிக்க வந்த, அவரும் ஆசிரியையாக இருந்த பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த நூடுல்ஸ் கடையில், முழங்கால் உயர முக்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். வருவதற்கு முன்பே கொஞ்சம் சீனம் படித்திருந்ததால் பேச்சு எனக்குப் புரிந்தது.

"பயணத்துல சரியா சாப்பிடல மேடம்," என்றேன்.

"மேடமா? நான் என்ன பேங்க்ல வேலை பாக்கறேனா? அக்கான்னு கூப்பிடு." கடைக்காரர் பக்கம் திரும்பினார். "ரெண்டு மாட்டுக்கறி நூடுல்ஸ், ரெண்டு கிண்ணம் அரிசிக் கள்ளு."

"அக்கா, நான் மாட்டுக்கறி சாப்பிடமாட்டேன்."

"சாமிக்காகவா, வயித்துக்காகவா?"

"வீட்டுல பழக்கமில்ல."

"சரி. ஒண்ணுல தோஃபு போடுங்கண்ணே. இந்தப் பொண்ணுக்கும் மாட்டுக்கும் சண்டை இல்லையாம்."

"ஒரு மாடாவது நிம்மதியா இருக்கட்டும்," என்றார் கடைக்காரர், கரண்டியை நிறுத்தாமல்.

"கள்ளும் வேணாம் அக்கா. எட்டு மணிக்கு வகுப்பு."

"இந்த ஊர்ல குடிக்காம போனாத்தான் வகுப்புல தூக்கம் வரும். மூலையில கள்ளு குடிக்கற அந்தத் தாத்தாவைப் பாரு. கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரு நாள் தப்பா கூட்டியிருப்பாரா?"

நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். இனிப்பும் புளிப்புமாகத் தொண்டையில் இறங்கியது. அந்தத் தைரியத்தில்தான், முதல் நாளே கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன்.

"வருஷம் முடிஞ்சா ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பாங்களா அக்கா?"

"வந்து ஒரு ராத்திரி ஆகல. அதுக்குள்ள அடுத்த வருஷமா?"

"இங்கேயே இருக்கணும்னு இருக்கு."

"எதைப் பாத்து? இன்னும் ஊரையே பாக்கலையே நீ."

சொல்லத் தயங்கினேன். பிறகு, என் பெயரில் ஒரு சாவி இருக்கும் அறையில் முதல் தடவையாக நேற்றுத்தான் தூங்கினேன் என்றேன்.  கோங் அக்கா தன் கிண்ணத்தில் இருந்த கீரையை எடுத்து என் கிண்ணத்தில் வைத்தார்.

"இருக்கலாம் தங்கச்சி. நான் சொல்றபடி செஞ்சா இருக்கலாம்."

அவர் சொன்னபடியெல்லாம் செய்தேன். போலீஸ் நிலையத்தில் முகவரியைப் பதிந்ததும், வங்கிக் கணக்குத் திறந்ததும், ஆறாவது மாடி வீட்டின் வெந்நீர்க் குழாயை எந்தப் பக்கம் தட்டினால் தண்ணீர் வரும் என்று தெரிந்துகொண்டதும் அவரால்தான். மெத்தைக் கடையில் என்னை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு உள்ளே போனார். "உன் முகத்தைப் பாத்தா விலை ஏறிடும்" என்றார். பஞ்சு அடைத்த கனத்த ரஜாய்ப் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, மல்யுத்தத்தில் ஜெயித்தவர் போலச் சிரித்தார். சாலையைக் கடக்கும்போது வண்டிகளைப் பார்க்காதே, ஒரே வேகத்தில் நட, அவர்கள் உன்னைச் சுற்றிக்கொண்டு போவார்கள் என்று சொல்லிக் கொடுத்தவரும் அவரே. இன்றைக்கும் அப்படித்தான் கடக்கிறேன்.

அந்தப் பள்ளியில் கோங் அக்கா தற்காலிக ஆசிரியை. பாவ்காங் மலைப் பக்கத்தில் பிறந்து, மாவட்டக் கல்லூரியில் ஆங்கிலம் படித்து, இந்தப் பள்ளிக்கு வந்தவர். கணவர் தெற்கே குவாங்டோங்கில் ஏதோ தொழிற்சாலையில் இருந்தார். மகள் மலையில் மாமியாரிடம் வளர்ந்தாள். மதிய இடைவேளையில் கைப்பேசியை மேஜையில் சாய்த்து வைத்து மகளோடு பேசியபடியே சாப்பிடுவார். பேச்சு முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குப் போவார். கண்ணீரையா, மிளகாய் எண்ணெயையா என்று யாருக்கும் தெரியாது.

என்னைப் பார்த்த பெற்றோர்களில் பலருக்கு ஏமாற்றம். வெளிநாட்டு ஆசிரியை என்றதும் பொன்னிற முடியை எதிர்பார்த்து வந்தவர்கள். ஒரு அம்மா என் காதுபடவே கேட்டாள்: "இவ்வளவு கறுப்பா இருக்காங்களே, இவங்க பேசறது நல்ல இங்கிலீஷ்தானா?"

கோங் அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க பையன் பாடம் படிக்க வரானா, பொண்ணு பாக்க வரானா?"

அன்று சாயங்காலம் என் வீட்டில், ரஜாயைப் போர்த்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து இருவரும் சூரியகாந்தி விதை கொறித்தோம். நான் தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்தவள். இரண்டிலும் குறைவாகப் பேசுகிறவள். நன்றி என்பதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் பேச்சை எடுத்தார்.

"நிரந்தர வேலைக்கு முப்பத்தஞ்சு வயசுதான் எல்லை. தெரியுமா? அதைத் தாண்டிட்டா கதவை மூடிடுவாங்க."

"உங்களுக்கு?"

"அடுத்த கோடையில முப்பத்தஞ்சு." தோலை உள்ளங்கையில் துப்பினார். "விதையைச் சாப்பிடு. எல்லாத்தையும் நானே தின்னுட்டிருக்கேன்."

அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் வழக்கம் வேறு. இரண்டு மாதம் கழித்து, அதே நூடுல்ஸ் கடையில் என் தோஃபு கிண்ணத்தில் மிதக்கும் சிவப்பு எண்ணெய் மாட்டுக்கொழுப்பில் காய்ச்சியது என்று வேறொரு ஆசிரியர் பேச்சுவாக்கில் சொன்னார். நான் கோங் அக்காவிடம் கேட்டேன்.

"ஆமா. எல்லாக் கிண்ணத்துலயும் அதுதான்," என்றார்.

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா சாப்பிட்டிருப்பியா? குளிருக்கு எலும்பா நின்னிருப்ப."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் நன்மைக்குத்தானே என்று நினைத்தேன். கறி சேர்க்காத வேறு கடையையும் அவரே தேடிப் பிடித்துக் கொடுத்தார்.

டிசம்பரில் தலைமையாசிரியர் யேன் எங்கள் இருவரையும் அழைத்தார். ஆங்கில வகுப்புக்குப் பொதுப் பாடம் ஒன்று நடக்கும். மற்றப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களும் பெற்றோர்களும் வந்து பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். முதல் பாதி நான், அடுத்த பாதி கோங் அக்கா. அதைப் பார்த்துத்தான் அடுத்த ஆண்டு பேச்சு ஆங்கிலத்தை யாரிடம் கொடுப்பது என்று முடிவாகும். எனக்குக் கொடுத்தால் என் ஒப்பந்தம் தொடரும், நான் இந்த ஊரில் இருக்கலாம். அவருக்குக் கொடுத்தால் பாடவேளை கூடும், நிரந்தர வேலைக்குப் பள்ளி அவர் பெயரை அனுப்பும்.

வெளியே வந்ததும் நான் அவர் கையைப் பிடித்தேன். "அக்கா, நமக்குள்ள போய் இப்படி..."

"கை சில்லுனு இருக்கு உனக்கு. கையுறை போடு," என்றார். அவ்வளவுதான்.

பொதுப் பாடத்துக்கு முந்தைய வாரம், சாயங்காலப் படிப்பு நேரத்தில், அந்தப் பாடம் நடக்கவிருந்த வகுப்பைக் கடந்து போனேன். குளிர்கோட்டோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் கையைத் தூக்கிக்கொண்டு இருந்தார்கள். கோங் அக்கா முன்னால் நின்று "கீழ", "மேல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ன அக்கா, உடற்பயிற்சியா?" என்று கதவோரம் நின்று கேட்டேன்.

"கை தூக்கப் பழக்கறேன். வெளியாளுங்க வந்து உக்காந்தா ஒரு கை கூட கீழ இருக்கக்கூடாது. உன் பாதிக்கும் சேத்துத்தான்."

எனக்கும் சேர்த்து உழைக்கிறார் என்று மனம் நெகிழ்ந்து வீட்டுக்குப் போனேன்.

என் வகுப்பில் எனக்கொரு பழக்கம் உண்டு. முந்திக்கொண்டு பேசுகிற பிள்ளைகளை விட்டுவிட்டு, வாயே திறக்காதவர்களை முதலில் எழுப்புவேன். நானும் அப்படிப்பட்ட பிள்ளையாக இருந்தவள். பக்கத்தில் உட்கார்ந்து என் வகுப்புகளைப் பார்த்த கோங் அக்காவுக்கு இது நன்றாகத் தெரியும். "ஊமைங்களுக்கு நீதான் தாய்" என்று கேலி செய்திருக்கிறார்.

பொதுப் பாடத்தன்று பின் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்திருந்தன. முந்தைய நாள் மாலை என்ன செய்தாய் என்ற எளிய கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டேன். வகுப்பு முழுக்கக் கைகள் எழுந்தன. ஒரு கை கூடக் கீழே இல்லை. வெட்கத்தில் பேசாமலே இருக்கும் யின்யின் என்ற சிறுமியும் கை தூக்கியிருந்ததைப் பார்த்து எனக்கு உள்ளம் குளிர்ந்தது. அவளை அழைத்தேன்.

யின்யின் எழுந்தாள். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். வாய் திறக்கவில்லை. நான் கேள்வியை மெல்லத் திருப்பிச் சொன்னேன். அவள் தலை தாழ்ந்தது. சரி என்று ஜன்னலோரப் பையனை எழுப்பினேன். அவனும் நின்றான். அவனுக்குப் பின்னால் இருந்தவனும் நின்றான். பின் வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ இருமுவதுபோலச் சிரித்தார். யின்யின் அழ ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்த பாதியில் கோங் அக்கா ஒவ்வொருவராக எழுப்பினார். கேள்வி முடியும் முன்னே பதில் வந்தது. ஒரு பையன் கோங் டீச்சரையே ஆங்கிலத்தில் கேலி செய்து எல்லோரையும் சிரிக்க வைத்தான். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நான் கதவருகே நின்று நானும் தட்டினேன்.

மறுநாள் யின்யினைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் இடது கையைத்தானே தூக்கியிருந்தேன்," என்றாள். "அப்புறமும் ஏன் டீச்சர் என்னைக் கூப்பிட்டீங்க? எங்கம்மா பின்னாடி உக்காந்திருந்தாங்க."

"இடது கைன்னா?"

அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். பதில் தெரிந்தவர்கள் வலது கையைத் தூக்க வேண்டும், தெரியாதவர்கள் இடது கையை. டீச்சர் வலது கைகளை மட்டும்தான் கூப்பிடுவார். "வெளியாளுங்க வந்தா சின்ன கிளாஸ்ல இருந்தே அப்படித்தான். வாத்தியாருக்குத் தெரியாம இருக்குமா?"

அன்று மாலை ஸ்கூட்டர் கொட்டகையில் கோங் அக்காவைப் பிடித்தேன். வண்டியின் முன்னால் குளிர்காற்றுக்குக் கட்டும் மெத்தைத் துணியை மாட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"எனக்குத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியாதா அக்கா?" என்றேன்.

தெரியாது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். நம்பத் தயாராகத்தான் போயிருந்தேன்.

"தெரியும்," என்றார்.

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

"எதைக் கேக்கணும்னு தெரிஞ்சாத்தானே கேக்க முடியும்? நான் யாரை எழுப்புவேன்னு கூட உங்களுக்குத் தெரியும்."

மெத்தைத் துணியின் கயிற்றை இறுக்கி முடிந்தார். "உனக்கு வயசு இருக்கு. இந்த ஊர் இல்லன்னா இன்னொரு ஊர், இன்னொரு நாடு. உன் கையில பாஸ்போர்ட் இருக்கு. எனக்கு இந்தக் கதவு ஒண்ணுதான் தங்கச்சி. இந்த வருஷத்தோட அதுவும் மூடிடும்."

"என்கிட்ட கேட்டிருந்தா நானே விட்டுக் குடுத்திருப்பேன்."

"அப்படியா?" என்றார். அதில் கிண்டல் இல்லை. உண்மையாகவே யோசித்துப் பார்ப்பவர் போல இருந்தார். "விட்டுக் குடுத்திருக்க மாட்ட. உனக்கும் இருக்கணும்னு ஆசைதானே."

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். விட்டுக் கொடுத்திருப்பேனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பையும் அவர்தான் எடுத்துக்கொண்டார்.

என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. சீனப் புத்தாண்டான வசந்த விழாவுக்குப் பிறகு ஆற்றின் அக்கரையில், ஃபான்செங்கில், ஒரு சிறுவர் பள்ளியில் அடுத்த கல்வியாண்டுக்கு இடம் கிடைத்தது. சம்பளம் குறைவு, ஆனால் ஊரில் தங்க அனுமதி கிடைத்தது. வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது இந்த ஊர்ப் பேச்சை ஊர்க்காரர் போலவே பேசுகிறேன் என்கிறார்கள். மெத்தைக் கடையில் நானே பேரம் பேசுகிறேன். அப்போதெல்லாம் என் வாயிலிருந்து வருவது கோங் அக்காவின் சொற்கள். ஒருவர் நம்மை ஏமாற்றிவிட்டால் அவர் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அவர் கற்றுக் கொடுத்ததை என்ன செய்வது?

என் பழைய ஒப்பந்தம் முடிந்த அந்தக் கோடையில், நான் வீடு மாற்றுவதற்கு முந்தைய வாரம், கோங் அக்கா ஆறு மாடி ஏறி வந்தார். கையில் ஒரு பை பீச் பழம். உள்ளே வாங்க என்றேன். உட்காரவில்லை. பள்ளி அவர் பெயரை அனுப்பிவிட்டது, கையெழுத்து மட்டும் பாக்கி. ஆனால் பொதுப் பாடத்தன்று கை விஷயத்தை என்னிடம் சொல்லாமல் மறைத்துவிட்டார் என்று யின்யினின் அம்மா மற்றப் பெற்றோர்களிடம் பேசிக்கொண்டு திரிகிறாளாம். தலைமையாசிரியர் யேன் காதுக்கும் போயிருக்கிறது. சனிக்கிழமை கோங் அக்கா ஆசிரியர்களுக்கெல்லாம் விருந்து கொடுக்கிறார், யேனும் வருகிறார்.

"நீ வரணும்," என்றார். "நீ வரலன்னா எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாப்பாங்க. என் பக்கத்துல உக்காரு. அப்புறம் எழுந்து ரெண்டு வார்த்தை பேசணும்."

"என்ன பேசறது?"

"வந்த நாள்லேர்ந்து உனக்கு என்னென்ன செஞ்சேன்னு. போலீஸ் ஸ்டேஷன், வீடு, ரஜாய், நீ கறுப்புன்னு பேசின அம்மாகிட்ட நான் சண்டை போட்டது." பழப்பையை என் கையில் திணித்தார். "பொய் எதுவும் சொல்ல வேணாம் தங்கச்சி. நான் செஞ்சதை மட்டும் சொல்லு, போதும்."