ஐஸ் லொறியில் விக்டருடன் அறுகம்பே வரை

சுபஹுத் தொழுதுவிட்டு வந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, காலை ஐந்தே முக்காலுக்கு லொறியை எடுத்தேன். கல்முனையிலிருந்து அறுகம்பேக்கு எழுபத்து மூன்று கிலோமீற்றர். கரையோர மீன் வாடிகளுக்கு, மீன் இறக்குகிற கொட்டகைகளுக்கு, நான் வாரத்தில் மூன்று நாள் ஐஸ் கொண்டுபோகிற பாதைதான். ஆனால் அந்தச் சனிக்கிழமை, பின்னால் உமி போட்டு மூடிய இருபது ஐஸ் கட்டிகளோடு, முன் ஆசனத்தில் ஐஸிலேயே வாழ்ந்த ஒரு மனிதரும் இருந்தார்.

அவர் பெயர் விக்டர். பெலாரஸ் நாட்டவர். ஐஸ் ஹொக்கி விளையாடி, பிறகு அதற்குப் பயிற்றுநர் ஆனவர். கத்தி பூட்டிய சப்பாத்தோடு ஐஸில் சறுக்கிக்கொண்டு, வளைந்த தடியால் ஒரு கறுப்பு றப்பர் வில்லையை அடிக்கிற விளையாட்டு அது. என் மகன் ஸஜாத் மின்ஸ்க் நகரத்தில் டொக்டருக்குப் படித்த ஆறு வருடமும் இவர் வீட்டுக்கு மேல்மாடியில்தான் இருந்தான். மகனுடைய கலியாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போதே வந்து இறங்கிவிட்டார்.

குளிர் தேசத்து மனிதர் நம்முடைய வெயிலில் என்ன பாடுபடுவாரோ என்று என் மனைவிக்குப் பயம். வந்த அன்றே அவருடைய அறையில் ஒரு பெரிய தாச்சியில் அரைக் கட்டி ஐஸை வைத்து, அதற்குப் பின்னால் மின்விசிறியைப் போட்டுவிட்டாள். காலையில் பார்த்தால், மனிதர் தரையில் குந்தியிருந்து மிச்ச ஐஸைத் தடவிக்கொண்டிருக்கிறார். "தண்ணி நல்லமாம் வாப்பா, அவசரப்பட்டு உறைய வெச்சிருக்காங்களாம், அதான் நடுவுல வெள்ளையாம்" என்றான் மகன். பதினெட்டு வருடம் ஐஸ் ஏற்றுகிறேன். எனக்கு அது தெரியாது.

பயணத்துக்கு முந்தின நாள் பின்னேரம்தான் ஸஜாத் என்னிடம் விசயத்தைச் சொன்னான். விக்டர் பதினேழு வயதுப் பொடியன்மாரின் அணிக்குப் பன்னிரண்டு வருடமாகத் தலைமைப் பயிற்றுநர். இந்த முறை அணி தோற்றுப்போக, அந்த இடத்தை இளம் ஆள் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இவருக்கு மிச்சம் வைத்தது ஆறு வயதுப் பிள்ளைகள். ஐஸில் நிற்கவே தெரியாத கூட்டம். அதை எடுக்கிறாரா, ஒரேயடியாக விட்டுவிடுகிறாரா என்று சனிக்கிழமை அங்கே பகல் இரண்டு மணிக்குள் சொல்ல வேண்டும். நமக்கு அது பின்னேரம் நாலரை.

"விடப் போறாரு வாப்பா. அதை விட்டா அவருக்கு வேற ஒண்டும் இல்ல. நீங்க ஒண்டும் கதைக்க வேணாம், சும்மா கூட்டிட்டுப் போவம்."

"எனக்கு அவர்ட பாசை தெரிஞ்சாத்தானே மனே கதைக்கிறதுக்கு" என்றேன்.

மகனும் எங்களோடு ஏறியிருந்தான். ஆறரை மணிக்கு நிந்தவூரில் ஒரு வீட்டு வாசலில் நிறுத்தினேன். எங்கள் குடும்பத்தில் ஒரு வழமை உண்டு. கலியாண அழைப்பு காட்களில் முதலாவதை, மாப்பிள்ளைக்கு அரபு முதலெழுத்தான அலிஃபை ஓதிக் கொடுத்தவர்களிடம் மாப்பிள்ளையே கொண்டுபோய்க் கையில் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர்களுக்கு. மகனுக்கு ஆஸ்பத்திரியில் லீவு கிடைக்காததால் முந்நூறு காட்களும் வீட்டிலேயே கிடந்தன. சொந்தக்காரர்கள் முறுமுறுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஸஜாத்துக்கு ஓதிக் கொடுத்தவர் ஸுலைஹா லாத்தா, ஊருக்கே மூத்த அக்கா. மண்டபத்தில் பாய் விரித்து, பத்துப் பன்னிரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்து ஓதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். விக்டர் கையை நீட்டினார். லாத்தா தன் கையை நெஞ்சில் வைத்தார். ஒரு நொடி திகைத்துவிட்டு, விக்டரும் அப்படியே வைத்தார்.

ஸஜாத் கொடுத்த காட்டை லாத்தா கண்ணில் ஒற்றிவிட்டு, "இவன் ஜீமுக்குப் புள்ளி வைக்க மறந்து மறந்து மூணு மாசம் என்னக் கொன்னுட்டான். ஊசி சரியான இடத்துலதான் போடுறானா?" என்று என்னிடம் கேட்டார்.

"போடுறான் லாத்தா, அல்ஹம்துலில்லாஹ்."

"இவரு ஆரு?"

"எனக்கு ஐஸில நிக்கப் படிப்பிச்சவரு" என்றான் ஸஜாத்.

"அங்க நிக்கவும் படிக்கணுமா மனே?"

ஸஜாத் சிரித்துக்கொண்டு விக்டருக்குச் சொன்னான். அவரும் சிரித்தார். முன்பல் இரண்டு இல்லாத சிரிப்பு, விளையாட்டில் போனவை. பிறகு ஏதோ கேட்டார். பெரிய ஓதலெல்லாம் யார் படிப்பிக்கிறது என்று கேட்கிறாராம். மதரஸாவில் மௌலவி என்று மகன் சொன்னான். அவருக்கும் காட் கொடுத்தாயா? இல்லை, அவருக்கு அடுத்த கிழமை. படிப்பித்த பேராசிரியருக்கு? அவருக்குத் தபாலில்.

அப்போது ஸஜாத் சட்டைப் பையிலிருந்து இரண்டாவது காட்டை எடுத்து, இரண்டு கையாலும் விக்டரிடம் நீட்டினான். வந்து மூன்று நாளாகியும் அவருக்கு நாங்கள் காட் கொடுக்கவில்லை. லாத்தாவுக்கு முந்திக் கொடுக்க முடியாதே. அதில் ஒரு எழுத்தும் அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

எட்டு மணிக்கு அக்கரைப்பற்றில் ரொட்டியும் பிளேன்ரீயும். பிளேன்ரீ ஐம்பது ரூபாய். அங்கேதான் அவருடைய கதையைக் கேட்டேன். சின்ன ஊர். பனி மாரியில் தகப்பன் முற்றத்தில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவாராம், விடிந்தால் அது உறைந்து மைதானம் தயார். பதினாறு வயதில் நகரத்து அணி. பதினைந்து வருடம் பின்வரிசைக் காவல். நாட்டு அணியின் சட்டை போட்டது நாலே நாலு தடவை. பிறகு முழங்கால் போய்விட்டது.

மகன் விழுந்த கதையும் அங்கே வந்தது. போன முதல் மாரியில் றோட்டில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டு, படிப்பை விட்டுவிட்டு வருகிறேன் என்று அழுதான். உம்மாவும் இங்கே சோறு தின்னாமல் கிடந்தாள். அப்போது விக்டர்தான் கட்டு அவிழ்த்ததும் அவனை மைதானத்துக்குக் கூட்டிப்போய், ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் விட்டிருக்கிறார். அங்கே பழகுகிறவர்களுக்கு ஒரு கதிரை, நாம் இருக்கிற நாற்காலிதான், கொடுப்பார்களாம். அதைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே நடை பழக வேண்டும்.

"கண்டுக்குட்டிக்குள்ள மாடு போல நான். பிள்ளைகள் என்னச் சுத்திச் சுத்திச் சிரிச்சிச்சி வாப்பா" என்றான்.

விக்டர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கோமாரிக்குப் போகப் பத்து மணி. வாடிக்காரர் தம்பிராசா லொறியை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன காக்கா, வெள்ளக்காரனக் கூலிக்குப் பிடிச்சிட்டீங்களோ?" என்றார்.

"பேசாம இரிங்க தம்பிராசா. ஐஸுக்கு அவருதான் டொக்டர், இவன் சும்மா மனிசருக்கு."

நனைந்த பலகையில் கட்டிகளைச் சறுக்கி இறக்கினோம். கடைசிக் கட்டி பலகையை விட்டு விலகி, வாடியின் ஈரச் சீமெந்தில் ஓடத் தொடங்கியது. விக்டர் சுவரில் சாய்த்திருந்த துடுப்பை எடுத்து, குனிந்து, ஒரு தட்டு. கட்டி திரும்பிப்போய் மற்றக் கட்டிகளின் பக்கத்தில் மெதுவாக முட்டி நின்றது. வாடியே கைதட்டியது. அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மீன்பெட்டியில் இருந்துவிட்டார். முகம் மட்டும் சின்னப் பிள்ளையின் முகம்.

பொத்துவிலில் ளுஹர் தொழுது, சோறு தின்று, மிச்ச ஐஸை அறுகம்பேயில் இறக்கி முடிக்க மூன்றே கால். அஸர் தொழ நான் பள்ளிவாசலுக்குப் போனேன். எனக்குப் பெரிய துஆ ஒன்றும் பாடமில்லை. யா அல்லாஹ், என் பிள்ளை விழுந்த நேரம் தூக்கிவிட்ட மனிதர், இவரை விழ விட்டுவிடாதே என்று மட்டும் கேட்டேன்.

திரும்பி வர நாலு இருபது. விக்டர் வள்ளங்களுக்குப் பக்கத்தில் நின்று போனில் கதைத்துக்கொண்டிருந்தார். குரல் உயர்ந்திருந்தது. ஸஜாத் கொஞ்சம் தள்ளி நின்றான்.

"என்னவாம் மனே? விட்டுட்டாரா?"

மகன் கண்ணைத் துடைத்தான்.

"எத்தின கதிரை கிடக்கெண்டு கேக்கிறாரு வாப்பா."

"என்ன சொல்றாங்க?"

"ஆறுதானாம். போதாதெண்டு ஏசுறாரு."

திரும்பும்போது லொறியில் ஈர உமி மட்டும். மஃரிபை அக்கரைப்பற்றில் தொழுதோம். நிந்தவூரில் லாத்தாவின் வீட்டுக்கு முன்னால் வர, பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் அலிஃப், பா, தா ஓதுகிற சத்தம் றோட்டுக்குக் கேட்டது. விக்டர் கையால் மெதுவாக என்று காட்டினார். அவர் காட்டுவதற்கு முன்பே நான் கியரைக் குறைத்திருந்தேன்.