யூ மே கம்

என் வீட்டுக்காரர் புத்தூர் ரோட்டில் வண்டியோடு சறுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அதனால்தான் எனக்கு ஓர் ஒடியாக்காரச் சிநேகிதி கிடைத்தாள். திருப்பதியில் எலும்பு ஆஸ்பத்திரி. பக்கத்துக் கட்டிலில் அவள் கணவர். மலைக்கு நடந்து ஏறும்போது படியில் கால் பிசகிக் கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. வேண்டுதல் பாதி மலையில் நின்றுபோன வருத்தம் அவருக்கு. பாஷை தெரியாத ஊரில் மாட்டிக்கொண்ட பயம் அவளுக்கு.

அவளுக்கு ஒடியாவும் இந்தியும் தெரியும். எனக்குத் தமிழும் தெலுங்கும். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது பள்ளிக்கூடத்தில் படித்து மிச்சமிருந்த கொஞ்சம் இங்கிலீஷ்தான்.

"டீ?" என்பாள். "டீ" என்பேன்.

"நைட் பெயின். மார்னிங் நோ பெயின்" என்று தன் கணவரைப் பற்றிச் சொல்வாள். "மை ஹஸ்பண்ட், ஆல் டைம் பெயின்" என்பேன். வாக்கியம் என்று ஒன்று அமையாமலே மாமியார், மருந்து, மழை எல்லாவற்றையும் பேசித் தீர்த்தோம். பிரியும்போது நம்பர் வாங்கிக்கொண்டோம்.

வாயால் பேசியதை எழுத்தில் போடுவது வேறு விஷயம் என்று பிறகுதான் தெரிந்தது. பொங்கல் சமயத்தில் அவளை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு மெசேஜ் போட நினைத்தேன். திருப்பதி ஹாஸ்டலில் இருந்து மகள் லீவுக்கு வந்திருந்தாள். நான் தட்டியதை எட்டிப் பார்த்தாள்.

"யூ கம்னு மொட்டையா போட்டா அதிகாரம் பண்ற மாதிரி இருக்கும்மா. நடுவுல மே போடு. யூ மே கம். நீங்க வரலாம்னு அர்த்தம். அதுதான் மரியாதை."

அப்படியே போட்டேன். எந்த நாளும் வரலாம் என்றுதான் நினைத்துப் போட்டேன். அரை மணியில் பதில் வந்தது. "எஸ். வீ கம் மே."

மே என்றால் 'லாம்' என்று அப்போதுதான் படித்திருந்தேன். என் முகம் வாடிவிட்டது. காலை நீட்டி உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் கவனித்துவிட்டார்.

"இன்னாமே, மூஞ்சி தொங்கிப்போச்சி?"

"வந்தாலும் வரலாம்னு போட்டுக்கீறாங்க. வரோம்னு சொல்லல."

"வர்றவங்க வரோம்னுதான் சொல்லுவாங்க. ஒரிசா இன்னா பக்கத்துத் தெருவா? வுடு."

விட மனம் வரவில்லை. மாசி மாதம் ஒருதரம் "யூ கம்?" என்று கேட்டேன். "எஸ் எஸ். மே" என்றாள். யுகாதிக்கு வாழ்த்துச் சொல்லி, "சூர்?" என்று கேட்டேன். "சூர். மே." நிச்சயம் என்றும் சொல்கிறாள், பார்க்கலாம் என்றும் சொல்கிறாள். நழுவுகிற ஆள்போல என்று எண்ணிக்கொண்டு, காலை வணக்கப் படம் அனுப்புவதோடு நிறுத்திக்கொண்டேன்.

கத்திரி வெயிலில் எங்கள் தோப்பில் பங்கனபள்ளி இறங்கியது. கூடம் முழுக்க வைக்கோல் பரப்பி மாங்காய் அடுக்கியிருந்தோம். கால் வைக்க இடமில்லை. என் புடவையெல்லாம் மாம்பால் கறை. அந்த நேரத்தில் போன் அடித்தது.

"வீ கம். நகரி பஸ் ஸ்டாண்ட். வேர் யூ?"

நான் பதறியதைப் பார்த்து, "நீ ஆட்டோல போய் கூட்டிக்கினு வா. நான் கூடத்த ஒழிக்கிறேன்" என்றார் வீட்டுக்காரர்.

பஸ் ஸ்டாண்டில் அவள் கணவர் மொட்டைத் தலையும் சந்தனமுமாக நின்றிருந்தார். இந்தமுறை மலை ஏறி முடித்துவிட்டார். அவள் லட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். மாம்பால் பற்றிச் சொல்லி விலக்கப் பார்த்தேன். கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மோர் கொடுத்தபின், "ஒய் நோ டெல்?" என்று கேட்டேன்.

அவள் விழித்தாள். "ஐ டெல். மெனி டைம் ஐ டெல் மே. யூ ஆல்சோ டெல் மே." போனை எடுத்து என் மெசேஜைக் காட்டினாள்.

மகளுக்கு வீடியோ கால் போட்டேன். அந்த மெசேஜைத் திரைக்கு நேரே காட்டினேன். மகள் சிரித்த சிரிப்பில் முகமே திரையில் தெரியவில்லை. "அம்மா, உன் போனே தானா பெரிய எம் போட்டுடுச்சி. பெரிய எம் போட்டா அது மே மாசம். சின்ன எம் போட்டாத்தான் லாம். அவங்க மே மாசம் வரச் சொன்னேன்னு நினைச்சிக்கினு டிக்கெட் போட்டிருக்காங்க. அவங்களாவது 'இன் மே'ன்னு எழுதியிருந்தா உனக்குப் புரிஞ்சிருக்கும்."

அதையே என் சிநேகிதிக்கும் இங்கிலீஷில் விளக்கினாள். அவள் மாங்காய்ச் சாக்கின்மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த நேரம் பார்த்துத் தோப்பில் இருந்து வீட்டுக்காரர் குரல் வந்தது. "இங்க வாமே."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "யுவர் நேம் ஆல்சோ மே?"

எங்கள் பக்கம் பெண்டாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பதை என் இங்கிலீஷில் சொல்ல முடியவில்லை. ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். ஊருக்குப் போகும்வரை என்னை மே என்றே கூப்பிட்டாள்.

இரண்டு நாள் இருந்தார்கள். காற்றில் உதிர்ந்த காய்களை வீணாக்க விடாமல் அவள் கீறி, உப்புப் போட்டு மொட்டைமாடியில் காயவைத்தாள். அவர்கள் ஊரில் அதைப் பருப்பிலும் மீனிலும் போடுவார்களாம். ஆண்கள் இரண்டு பேரும் மரத்தடிக் கட்டிலில் வேட்டியைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து, "மை லெக் ராட்" என்றும் "மை லெக் பிளேட்" என்றும் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்குமேல் அவர்களுக்கு எதுவும் தேவைப்படவில்லை.

பஸ் ஏறும்போது, "பூரி கம். இன் டிசம்பர்" என்று கடலோரத்தில் இருக்கும் தங்கள் ஊருக்குக் கூப்பிட்டாள். இன் என்பதை விரலை உயர்த்தி அழுத்திச் சொன்னாள்.

மகள் டிக்கெட் எடுத்துவிட்டாள். கடற்கரை மணலில் நடக்கக் கால் தாங்கவேண்டும் என்று வீட்டுக்காரர் இப்போது தினமும் சாயங்காலம் ஏரிக்கரை வரைக்கும் போய் வருகிறார். கூட நானும் போகிறேன்.