வேன் வாங்க வந்த பணம்

பழைய சக்கர நாற்காலிகளைப் பழுதுபார்த்து, தேவைப்படுவோருக்கு இரவலாகக் கொடுக்கும் சின்ன தொண்டு நிறுவனம் அது. அங்கே கணக்கு எழுதியவரை எல்லோரும் கணக்கம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

முதல் மூன்று வருடம் ஒரே அறை, மூன்று ஆட்கள், நிறுவனரின் ஓய்வூதியம். இழுபறிதான், ஆனாலும் ஓடியது. நான்காம் வருடம் ஓர் அறக்கட்டளை பெரிய தொகை தந்தது. மாடியையும் வாடகைக்கு எடுத்தார்கள். ஆட்கள் பதினான்கு ஆனார்கள். எல்லோரும் சிரித்த முகமாக இருக்க, கணக்கம்மா மட்டும் இந்தப் பணம் நின்றுபோனால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஏழாம் வருடம் அந்த அறக்கட்டளையிலிருந்து மூன்று வரிக் கடிதம் வந்தது: இனி நிதி இல்லை. வங்கியில் மிச்சமிருந்தது, வேன் வாங்க அவர்கள் தந்திருந்த பணம் மட்டும். சம்பளத்துக்கு நாலு நாள் இருந்தது.

“வேன் காச இப்ப எடுத்துக்கலாம்மா. அப்புறம் போட்டுடலாம்” என்றார் நிறுவனர்.

“அப்புறம்னு எந்த காலண்டர்லயும் ஒரு தேதி இல்ல சார்.”

“பதினாலு வீட்டுல அடுப்பு எரியணும். நீங்க சட்டம் பேசறீங்க!”

“கேட்டுட்டு எடுப்போம். கேக்காம எடுத்தா அதுக்குப் பேரு வேற.”

அன்றே கணக்கம்மா அறக்கட்டளைக்கு எழுதினார். மூன்று நாள் பதில் இல்லை. மாடிப்படியில் ஏறினார், இறங்கினார். வீட்டில் குழம்புக்கு இரண்டு முறை உப்புப் போட்டார். “கொஞ்சம் உக்காரேன், பாக்கறவங்களுக்கே தலை சுத்துது” என்றார் கணவர்.

நான்காம் நாள் பதில் வந்தது. பாதியைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். மீதியைத் திருப்பிவிட வேண்டும். எடுத்த பாதி இரண்டு மாதத்துக்குத்தான் தாங்கியது. பிறகு மாடியைக் காலி செய்தார்கள். ஆறு பேரை அனுப்ப வேண்டியதாயிற்று. அந்தக் கடிதங்களைத் தட்டச்சு செய்ததும் கணக்கம்மாதான். மூத்த மெக்கானிக் தன் கடிதத்தை வாங்கிப் படித்தார்.

“எங்க கையெழுத்துப் போடணும்க்கா?” என்றார். போட்டுக் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது கணக்கம்மாவுக்கு.

அதன்பின் நாற்காலி வாங்கிப்போன குடும்பங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார். முடிந்தவர்கள் மாதாமாதம் கொஞ்சம் தர ஒப்புக்கொண்டார்கள். பத்தாம் வருடம் ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு சேர்ந்தது. மெக்கானிக்கைத் திரும்பக் கூப்பிட்டார்கள். வந்தார். வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கணக்கம்மா கையால் சம்பள உறையை வாங்கும்போது மட்டும், அங்கேயே பிரித்து, கடைசித் தாள்வரை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்.