அவளுக்கு வந்த டிரான்ஸ்ஃபர்

இரண்டு வருடம் முன்பு, நாங்கள் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் பிளானோவில் இருந்தபோது நடந்தது இது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். எழுத்து அதிகம் வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நான் தோசை மாஸ்டர். ஈரோட்டுப் பக்கம். சென்னைக்காரர் ஒருவர் பிளானோவில் நடத்திய ஹோட்டலுக்கு விசாவில் வந்தேன். கிரீன் கார்டு கைக்கு வரப் பல வருடம் ஆனது. அது வந்ததும் என் மனைவி கேட்டது ஒன்றுதான். படிக்க வேண்டும் என்றாள். ஊரில் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவள். சரி, படி என்றேன்.

அங்கே கம்யூனிட்டி காலேஜ் என்று ஒன்று உண்டு. எந்த வயதிலும் சேரலாம். இன்ஜினியர் ஆக வேண்டுமென்றால் முதலில் அங்கே கணக்கும் பிசிக்ஸும் படிக்க வேண்டுமாம். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை. எனக்குப் பேச்சு குறைவு.

ஹோட்டலில் ஆர்டர் அடிக்கும் மிஷினில் மீந்துபோகும் பேப்பர் ரோலை வீட்டுக்குக் கொண்டுவருவேன். அவள் அதை டைனிங் டேபிளில் விரித்துக் கணக்குப் போடுவாள். ஒரு கணக்கு டேபிளின் இந்தக் கோடியில் தொடங்கி அந்தக் கோடி வரை போகும். எட்டிப் பார்த்தால் நம்பரே இருக்காது. எல்லாம் எழுத்து. இதில் என்ன கூட்டுகிறாள், என்ன கழிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

இரண்டாவது வருடம் அவள் வாயில் புதிதாக ஒரு வார்த்தை வந்தது. லேப் பார்ட்னர். பிசிக்ஸ் லேபில் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து செய்ய வேண்டுமாம். எங்கள் ஹோட்டலுக்கு ஒரு வெள்ளைக்காரம்மா வருவார். கட்டின புருஷனைக் காட்டி 'மை பார்ட்னர்' என்பார். எனக்கு அந்த வார்த்தை அப்படித்தான் பழக்கம்.

இவள் பார்ட்னர் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து படிக்கிறவன். என் மனைவி வயதுதான் இருக்கும். தாடி. எப்போதும் ஒரு பச்சைத் தொப்பி. இரண்டு பேரும் போனில் கணக்குப் பேசுவார்கள். பேசினால் மணிக்கணக்கு. நடுவில் சிரிப்பு வேறு. கணக்கில் சிரிக்க என்ன இருக்கிறது? போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினால் "சாப்ட்டீங்களா?" அவ்வளவுதான். நான் "ம்" என்பேன். அதோடு எங்கள் பேச்சு முடிந்தது.

அவள் படிக்கப் போகும்போது பொடி இட்லி கட்டிக்கொடுப்பேன். பாதி அவனுக்குப் போகும் என்று தெரியும். ஒருநாள் டப்பா திரும்பி வந்தது. கழுவித் துடைத்து, உள்ளே மூன்று ஆரஞ்சுப் பழம்.

"இது என்ன?" என்றேன்.

"வாங்கின டப்பாவ வெறுமனே திருப்பித் தரக்கூடாதுன்னு அவர்கிட்ட சொல்லியிருந்தேங்க. ஞாபகம் வெச்சிருக்கார் பாருங்க" என்றாள்.

அது எங்கள் வீட்டுப் பழக்கம். கல்யாணமான புதிதில் அவளுக்கு நான் சொன்னது. அது இப்போது தொப்பிக்காரன் கையில் இருந்தது. அந்தப் பழத்தை நான் தொடவில்லை. அவள்தான் மூன்றையும் உரித்துத் தின்றாள்.

எங்களிடம் ஒரு கார்தான். மதிய வேலை முடிந்து நான்தான் போய் அழைத்து வருவேன். சம்மர் வருவதற்குக் கொஞ்சம் முன்பு, ஒருநாள் காலேஜ் பார்க்கிங்கில் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காத்திருந்தேன். இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். அவன் கையை ஆட்டி ஆட்டி என்னவோ கெஞ்சினான். என் இங்கிலீஷுக்குப் பிடிபட்டது மூன்று வார்த்தை. டிரான்ஸ்ஃபர். ஆஸ்டின். டுகெதர். அவள் பதில் சொல்லவில்லை. சிரித்தாள்.

ஊரில் என் மாமா போலீஸ்காரர். டிரான்ஸ்ஃபர் என்ற சொல் காதில் விழுந்தால் அத்தை பாத்திரத்தையெல்லாம் சாக்கில் போட்டுக் கட்ட ஆரம்பித்துவிடுவார். டிரான்ஸ்ஃபர் என்றால் ஊர் மாறுவது. கேள்வியே கிடையாது. எனக்குத் தெரிந்த அர்த்தம் அதுதான்.

ஆக, இவளை ஆஸ்டினுக்கு மாற்றுகிறார்கள். அவனையும் சேர்த்து.

காரில் அவள் வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அன்று ராத்திரி ஹோட்டலில் நான் ஊற்றிய தோசையெல்லாம் ஒரு பக்கம் தீய்ந்தது. கூட வேலை செய்தவரிடம் ஆஸ்டின் எவ்வளவு தூரம் என்றேன். மூன்று மணி நேரத்துக்கு மேலே என்றார். பிறகு அவளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பச்சைத் தொப்பியும் சேர்ந்தே தெரிந்தது. சண்டை போட எனக்கு வராது. விட்டுவிடவும் முடியவில்லை. அவளை அவனோடு தனியாக அனுப்ப முடியாது என்பது மட்டும் மனதில் நின்றது.

ஆஸ்டினில் எனக்குத் தெரிந்த ஒருவர் சமையல் வேலையில் இருந்தார். போன் போட்டேன். அவருடைய ஹோட்டலில் தோசைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். உடனே வரச் சொன்னார்கள்.

மறுநாள் முதலாளியிடம் போய் நின்றேன்.

"வேலைய விட்டுக்கறேனுங்க."

"என்ன மாஸ்டர், குண்டு தூக்கிப் போடற? யாராவது ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்லீங்க. வீட்டுக்காரிக்கு ஆஸ்டினுக்கு டிரான்ஸ்ஃபர்."

"டிரான்ஸ்ஃபரா? அவங்க எங்கய்யா வேல பாக்கறாங்க?"

"காலேஜ்லங்க."

"ஓ, ப்ரொஃபசரா? சொல்லவே இல்லையே நீ! சரி, ஆர்டர் வந்துடுச்சா?"

"வருமுங்க."

முதலாளி என் தோளில் தட்டினார். "போய்யா, உன்னைப் புடிச்சு வெச்சு என்ன பண்றது. டி.சி. கிழிச்சுக் குடுத்துட்டேன், போ" என்று சிரித்தார். சிரித்தாலும் அவர் முகம் வாடித்தான் இருந்தது. அந்த வாரமே வேறு மாஸ்டரைப் பேசி வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை ஹோட்டலுக்கு விடுமுறை. வீட்டில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மளிகை வாங்கப் போன என் மனைவி பையைக்கூடக் கீழே வைக்காமல் வந்து நின்றாள். கடையில் முதலாளியின் மனைவியைப் பார்த்தாளாம்.

"ஏனுங்க, நாம ஆஸ்டின் போறமா? அந்த ஆன்ட்டி எனக்கு கங்கிராட்ஸ் சொல்றாங்க. ப்ரொஃபசர்ங்கறாங்க!"

"உனக்குத்தான டிரான்ஸ்ஃபர்?"

"ஆரு சொன்னா?"

"தொப்பிக்காரன் சொன்னானே. டுகெதர்னு."

அவள் பையை வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். பிறகு சொன்னாள். "நம்மூர்ல டிப்ளமோ முடிச்சவங்க நேரா இன்ஜினியரிங் ரெண்டாம் வருசம் சேருவாங்கல்ல, அந்த மாதிரிங்க. இங்க படிச்சதக் கணக்குல எடுத்துக்கிட்டு பெரிய காலேஜ்ல மூணாம் வருசம் சேத்துக்குவாங்க. அதுக்குப் பேருதான் டிரான்ஸ்ஃபர். அவர் ஆஸ்டின் போறார். நான் இங்க பக்கத்து காலேஜுக்கே போறேன். கார்ல அரை மணி நேரம்."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவள் சிரிப்பு மெல்ல நின்றது. "அப்ப வேலைய நெசமாலுமே விட்டுட்டீங்களா?"

"விட்டாச்சு. அங்க ஒண்ணு பாத்தாச்சு."

"என்னைய ஒரு வார்த்த கேக்கக்கூடாதா?"

"நீ போயிட்டா நான் இங்க என்ன புள்ள பண்றது."

கல்யாணமாகி அவளிடம் நான் அப்படி ஒரு பேச்சு பேசியதில்லை. அவள் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு போனை எடுத்து என் பக்கம் நீட்டினாள். அதிலிருந்த இங்கிலீஷ் எனக்குப் படிக்க வரவில்லை. அவளே சொன்னாள்.

"ஆஸ்டின்லயும் எனக்கு சீட் கெடச்சிருக்குங்க. அதுதான் பெரிய காலேஜ். சொல்லல."

"ஏன்?"

"இத்தன வருசமா ஒரே அடுப்பு. நீங்க நகர மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"அன்னைக்கு அவன்கிட்டச் சிரிச்சியே?"

"சேந்து போலாம், வா வான்னு கெஞ்சுனார். எங்க வீட்டுக்காரர் வரமாட்டார்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் சிரிச்சேன்."

அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் நான் இத்தனை நாள் எரிந்துகொண்டிருந்தேன். அதற்குள் இருந்தது நான்தான்.

காலேஜுக்குப் பதில் சொல்ல இன்னும் சில நாள் இருந்தது. அவள் அப்போதே ஆஸ்டினுக்குச் சரி என்று அனுப்பினாள். அனுப்பிவிட்டு, "தொப்பிக்காரரும் அங்கதான் வர்றாரு. பொறுத்துக்குவீங்களா?" என்றாள். நான் மறுபடி வெங்காயம் உரிக்க ஆரம்பித்தேன்.

இப்போது ஆஸ்டினில் இருக்கிறோம். அவளுக்கு இது கடைசி வருடம். தொப்பிக்காரனும் வருகிறான். பேப்பர் ரோலை விரித்து இரண்டு பேரும் கணக்குப் போடுகிறார்கள். அவனுக்குப் பொடி இட்லி நானே கட்டிக்கொடுக்கிறேன். டப்பா வெறுமனே திரும்பி வருவதில்லை. பழத்தை இப்போது நானும் தின்கிறேன். ஆனாலும் அவர்கள் சேர்ந்து சிரிக்கும்போது சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். பொய் சொல்வானேன், அந்த எரிச்சல் போகவில்லை.

புரியாத வார்த்தை வந்தால் மட்டும் இப்போது கேட்டுவிடுகிறேன். போன வாரம் இன்டர்ன்ஷிப் என்றாள். எந்த ஊர் என்று உடனே கேட்டேன்.

அன்று காரில் நான் வாயைத் திறந்து கேட்டிருந்தால் இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பாள், நானும் நிம்மதியாகப் பழைய அடுப்புக்குப் போயிருப்பேன், அந்தப் பெரிய காலேஜ் அவள் போனுக்குள்ளேயே கிடந்திருக்கும். அதனால் அந்தப் பொறாமையை நினைத்து வெட்கப்படுவதா சந்தோஷப்படுவதா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.